அய்யன் பார்த்த படம்

நான் போட்டோ எடுக்கிறவன். கல்யாணமும் காதுகுத்தும் வயித்துக்கு. கழுகு எனக்கு. ஞாயித்துக்கிழமையானா மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டின காட்டோர ஊர்களுக்கு வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிருவேன். தமிழ்நாட்டில் பிணந்தின்னிக் கழுகு இன்னமும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற பக்கம் அது. ஆத்தோரத்து நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறு கூடு வைக்கும். வருசத்துக்கு ஒரே ஒரு முட்டை.

எனக்கு இந்தத் தொழிலைச் சொல்லிக் கொடுத்தவர் டவுனில் ஸ்டுடியோ வச்சிருந்த ஒரு அண்ணன். எடுத்த படத்தையெல்லாம் அவர்கிட்ட காட்டுவேன். அவர் லேசில் விடமாட்டார். முதல் தடவை கொண்டுபோன நாப்பது படத்திலும் கழுகு கரிக்கட்டையாட்டம் இருந்தது. “வானத்து வெளிச்சத்தைப் பாத்து கேமரா ஏமாந்து போச்சு. ஒரு ஸ்டாப் கூட்டி எடு” என்றார். அடுத்த தடவை பறவை தெரிந்தது, றெக்கை நுனி கலங்கியிருந்தது. “ஷட்டரை 1/1600க்கு மேல வை.” அதுக்கப்புறம் “கண்ணு எங்கடா?” என்றார். கண் கூர்மையா விழலேன்னா மத்தது எல்லாம் தெளிவா இருந்தும் பிரயோசனமில்லை. பறக்கிற திசையில் இடம் விடணும். தரையில் உக்காந்திருக்கிறதை நின்னுக்கிட்டு எடுக்காம படுத்து எடுக்கணும். எல்லாம் அவர் திட்டித் திட்டி எனக்கு வந்தது.

மூணு வருசம் கழிச்சு ஒரு நாள், ஊருக்கு வெளியே செத்த மாடு ஒண்ணு கிடந்தது. பக்கத்தில் ஒரு வெண்முதுகுப் பாறு. வயித்தால் ஊர்ந்து ஊர்ந்து முப்பதடி வரைக்கும் போயிட்டேன். கழுத்தை நீட்டி, றெக்கையைப் பாதி விரிச்சு என்னைப் பார்த்தது. கண்ணு ஊசி மாதிரி விழுந்தது. அண்ணன் ரொம்ப நேரம் பார்த்தார். “இதுதான்டா படம். ஓரத்துல கெடக்குற மாட்டை மட்டும் வெட்டி எடுத்துரு. அசிங்கமா இருக்கு.” வெட்டினேன். பெரிசா பிரிண்ட் போட்டு வீட்டில் மாட்டினேன்.

அய்யனுக்கு எழுபது தாண்டிருச்சு. சுவத்துக்கிட்ட போய் நின்னு பார்த்தார்.

“எரை எங்க கண்ணு?”

“வெட்டி எடுத்துட்டேன். பார்க்க நல்லா இருக்காதுன்னு.”

“நீ கிட்டக்க போயிட்டே. இது பயந்த கழுகு, எந்திரிக்கப் போவுது. திங்கிற கழுகு இப்படிக் கழுத்த நீட்டாது. அது அன்னிக்குத் தின்னுச்சா?”

அது தின்னலை. பறந்து போனது திரும்பி வரவேயில்லை.

அவருக்கு எப்படித் தெரியும்னா, ஊரில் மாடு செத்தா எங்க வளவுக்குத்தான் ஆள் வரும். இழுத்துப் போட்டு உரிக்கணும். எம்பதுகளில் சின்னப் பையனா நானும் கூட நின்னிருக்கேன். அவர் தோலை உரிச்சு முடிக்கிறவரைக்கும் சுத்தி வேலி கட்டின மாதிரி கழுகுகள் காத்திருக்கும். அந்த வேலையை அவர் விரும்பிச் செய்யலை. ஊர் செய்ய வச்சது. என்னை அந்தப் பக்கம் விடாமப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினதும் அவர்தான். ஆனா கத்தி பிடிச்ச அத்தனை வருசமும் அவர் கழுகைப் பார்த்திருக்கார்.

அசிங்கம் என்ற சொல்லை எங்க வளவைப் பார்த்து எத்தனையோ பேர் சொல்லியிருக்காங்க. அதே சொல்லைக் கேட்டு, ஏன்னு ஒரு வார்த்தை கேக்காம, என் கையாலேயே வெட்டியிருக்கேன். படத்தைச் சுவத்திலிருந்து இறக்கினேன்.

அடுத்த தடவை விடியறதுக்கு முன்னாடியே ஒரு மாட்டுக் கொட்டகைக்குள் போய் உக்காந்துக்கிட்டேன். எரை நூறடிக்கு அந்தப் பக்கம். தரை சூடேறி ஒன்பது மணிக்கு மேல்தான் கழுகுகள் வந்தன. படத்தில் பறவை சின்னது. மாடு முழுசா இருந்தது. அண்ணன்கிட்ட காட்டினேன். “முதுகு வெள்ளையில வெளிச்சம் வழிஞ்சு போச்சேடா” என்றார். வானத்துக்குக் கூட்டின ஸ்டாப்பைத் தரைக்குக் குறைக்க மறந்திருந்தேன். அவர் சொன்னது சரி. மாட்டைப் பத்தி இந்தத் தடவை ஒண்ணும் சொல்லலை.

அய்யன் பார்த்தார். “தோலை உரிக்காமப் போட்டிருக்காங்க. அதான் கண்ணைக் கொத்துது. மாடு எதுல செத்துச்சு? ஊசி போட்டாங்களா?”

எனக்குத் தெரியலை. நான் கேக்கவே இல்லை.

ஊசிச் சேதியை அவருக்கு ஒருக்கா நான்தான் சொல்லியிருந்தேன். மாட்டுக்கு வலிக்குப் போடுற டைக்ளோஃபினாக், செத்த மாட்டுக் கறி வழியா கழுகுக்குள் போனா சிறுநீரகம் கெட்டுச் சாகும். 1992க்கும் 2007க்கும் நடுவில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒண்ணுதான் மிஞ்சினது. 2006இல் அந்த மருந்தை மாட்டுக்குத் தடை செஞ்சாங்க. மனுசருக்கு வர்ற பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டதால், 2015இல் அதையும் 3 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாதுன்னாங்க. 2023இல் கீட்டோப்ரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் மாட்டுக்குத் தடை. எனக்கு எல்லாம் தெரியும். கேமராவைக் கையில் எடுத்ததும் மறந்துபோச்சு. அவருக்கு மறக்கலை.

இப்பெல்லாம் கேமராவைப் பையிலிருந்து எடுக்கிறதுக்கு முந்தி மாட்டுக்காரர்கிட்ட கேக்குறேன். என்ன ஊசி, எப்பப் போட்டீங்க? மெலாக்சிகாம்னா கழுகுக்குப் பயமில்லை. தெரியலைன்னு சொன்னா காலிக் குப்பியைத் தேடுறேன்.

போன மாசம் ஒரு தோட்டத்தில் தேடினப்போ சாணிக்குழி ஓரத்தில் கிடைச்சது. டைக்ளோஃபினாக். பொதைக்கணும்னு சொன்னேன். மாட்டுக்காரர், “உங்க வளவுல ஆள் இருந்தா வரச் சொல்லேன்” என்றார். மேலே ரெண்டு கழுகு சுத்திக்கிட்டு இருந்தது. அவர் கொட்டகையில் ரெண்டு மம்பட்டி இருந்தது. ஒண்ணை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் வாங்காம நின்னார். அப்புறம் வாங்கினார். ரெண்டு பேரும் வெட்டி மூடி முடிக்கச் சாயங்காலம் ஆச்சு. அன்னிக்குப் படம் எடுக்கலை.