நான் போட்டுக் கொடுத்த விண்டோஸ்

காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்ற காலத்தில் திருட்டு விண்டோஸ்தான் போட்டுக் கொடுத்தேன். அன்று எங்கள் தொழிலில் இது ரகசியம் ஒன்றுமில்லை. ஒரிஜினல் விலையைக் கொட்டேஷனில் சேர்த்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைப் படி ஏறிவிடுவார். அது மட்டும் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

பல்லடத்திலிருந்து ஒரு விசைத்தறிக்காரர் வந்தார். கல்லூரியில் படிக்கும் மகன் ஒயின், ரியாக்ட்ஓஎஸ் என்றெல்லாம் சொல்லி அனுப்பியிருந்தான். "விண்டோஸ் மாதிரியே வேற ஆளுக எழுதுனது இருக்குதாமா தம்பி. தறிக்கு வெளிப்பட்டறை ஸ்பேர் போடற மாதிரி, அதையப் போட்டுக்கலாங்களா?" என்றார்.

"அதெல்லாம் டூப்ளிகேட்டுங்கண்ணா, போலீஸ் கேஸ் ஆயிரும்" என்றேன். சொன்ன கையோடு, நானே பர்ன் செய்த சிடியை டிரைவில் தள்ளினேன்.

சட்டம் நேர்மாறாக இருக்கிறது. நமது பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் 1999இல் கொண்டுவந்த திருத்தப்படி, ஒரு மென்பொருளை முறையாக வைத்திருப்பவர் அது இயங்கும் விதத்தைக் கவனித்து, சோதித்துப் பார்க்கலாம். சுயமாக எழுதிய நிரல் அதோடு சேர்ந்து இயங்கத் தேவையான, வேறு வழியில் எளிதில் கிடைக்காத விவரங்களையும் அறிந்துகொள்ளலாம். நிரல் வரிகளைத் திருடக் கூடாது, அவ்வளவுதான். ரியாக்ட்ஓஎஸ்காரர்கள் மீது 2006இல் அந்தச் சந்தேகம் கிளம்பியபோது, வேலையை நிறுத்திவிட்டுத் தங்கள் நிரலையே தணிக்கைக்கு உட்படுத்தினார்கள். ரியாக்ட்ஓஎஸ் இன்றும் சோதனை நிலையைத் தாண்டவில்லை என்பது வேறு விஷயம். தறிக்கணக்குக்கு அது உதவாது என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் யோக்கியன்.

63பி பிரிவோ, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்துபவருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1982இல் காம்பேக் நிறுவனம் ஐபிஎம் பிசியின் பயாஸ் என்ற அடிப்படை நிரலை ஒரு குழுவை வைத்து ஆராய்ந்தது. மூல நிரலைக் கண்ணால்கூடப் பார்க்காத மற்றொரு குழுவை வைத்துப் புதிதாக எழுதியது. ஐபிஎம் அல்லாத பிசிக்கள் சந்தைக்கு வந்த வழி அது. நான் அசெம்பிள் செய்து விற்ற ஒவ்வொரு பெட்டியும் அந்த வம்சம். அந்தத் தொழிலில் சோறு தின்றுகொண்டே அதைக் குற்றம் என்றேன்.

ஏன்? ஒயின் ஓட லினக்ஸ் வேண்டும்; எனக்கு லினக்ஸ் தெரியாது, கற்கவும் சோம்பல். திருட்டு விண்டோஸில் வைரஸ் வரும், ஃபார்மட்டுக்குத் திரும்ப என்னிடமே வருவார்கள். அறியாமை லாபம் தந்தது; அதனால் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

அந்தப் பெட்டிகளை யாராவது இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தால் கொண்டு வாருங்கள். லினக்ஸ் போட்டுத் தருகிறேன், கூலி வேண்டாம்.