புதுத்துணி

வாப்பா மௌத்தான பிறகு அவரது சாறன்களை உம்மா எவருக்கும் கொடுக்கவில்லை. மருதமுனைக் கைத்தறிச் சாறன்கள். பல வருடக் கழுவலில் இளகிப் பஞ்சுபோலாகியிருந்தன. மூத்த மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகம் கிடைத்தபோது, அந்தக் குளிருக்கென்று அவற்றைத் துண்டுகளாக வெட்டி உம்மா ஒரு போர்வை தைக்கத் தொடங்கினார். இடையில் கரை வைக்கச் சிவப்புத் துணி கேட்டார். நான்தான் வாங்கி வந்தேன்.

"இத நனைச்சுக் காய வெச்சிட்டுத்தான் வெட்டணும் மகன்."

அது மாரிகாலம். கொடியில் போட்டது மூன்று நாளாகியும் காயாது. மகள் புறப்பட ஐந்து நாட்களே இருந்தன.

"கஞ்சி மொடமொடப்போட இருந்தாத்தானே உம்மா வெட்டவும் தைக்கவும் லேசு?" என்றேன்.

அதில் பொய்யில்லை. முழுவதும் ஒரே புதுத்துணியென்றால் கழுவாமல் தைப்போரும் உண்டு. முதற் கழுவலில் எல்லாம் சேர்ந்து சுருங்கி விழும் மடிப்பையே அழகென்பார்கள். உம்மா மறுத்துப் பேசவில்லை. கத்தரிக்கோலை எடுத்தார்.

முதல் விடுமுறைக்கு மகள் போர்வையோடு வந்தாள். விடுதியில் ஒருமுறை கழுவியிருக்கிறாள். வெள்ளைச் சாறன் துண்டுகளில் சிவப்பு ஊறியிருந்தது. தையலோரமெங்கும் கொசுவிக் கிடந்தது.

உம்மா விரலால் தடவிப் பார்த்தார். "வாப்பாட சாறன் சுருங்கல்ல. புதுசுதான் அதப் புடிச்சி இழுத்திருக்கு."

தறியில் இழுபட்டு நின்ற நூல் தண்ணீர் பட்டதும் தளர்ந்து குறுகும். நூலோடு சேராத சாயம் கழன்று ஓடும். பழைய துணி இவ்விரண்டையும் எப்போதோ முடித்துவிட்டது. வகுப்பில் இதையெல்லாம் விளக்கக்கூடியவன்தான் நான்.

உம்மா கரைகளைப் பிரிக்கத் தொடங்கினார். நான் வேறு சிவப்புத் துணி வாங்கி, அளந்து, தனியாக வாளியில் ஊறவைத்தேன். முதல் தண்ணீர் சிவப்பு. இரண்டாவது வெளிர்ச்சிவப்பு. நான்காவதுதான் தெளிந்தது. ஈரத் துணியை வெள்ளைக் கைக்குட்டையில் அழுத்திப் பார்த்தேன், கறையில்லை. காய்ந்தபின் மீண்டும் அளந்தேன். 36 அங்குலம் 35 ஆகியிருந்தது.

"இப்ப வெட்டலாமா உம்மா?"

"இப்ப வெட்டு."

வாப்பாவின் வெள்ளைச் சாறனில் ஊறிய சிவப்பு மட்டும் போகவேயில்லை. மகள் அந்தப் பக்கத்தைத்தான் மேலே போட்டுப் படுக்கிறாள்.