பைன் மரத்தைச் சாய்த்த புழு
(இரண்டாமாண்டு பி.எஸ்சி., விலங்கியல்)

பனி பொழியும் காலத்திலும் பசுமை மாறாதது பைன் மரம். ஜப்பானியர் அதனை நீண்ட வாழ்வின் சின்னமாகப் போற்றுவர். புத்தாண்டில் வாசலில் பைன் கிளைகளை வைப்பர். அத்தகைய மரம் ஒரே கோடையில் செம்பழுப்பாகி மடிவது ஏன்? 1905-இல் நாகசாகிப் பகுதியில் காணப்பட்ட இந்நோய்க்குரிய காரணத்தைக் கியோஹாரா, டோகுஷிகே என்னும் இருவர் 1971-இல்தான் மெய்ப்பித்தனர். அதுவரை 66 ஆண்டுகள் பழியெல்லாம் மரந்துளைக்கும் வண்டுகளின் மேல்!

உண்மைக் குற்றவாளி, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள நூற்புழு. அது நீள்கொம்பு வண்டின் மூச்சுக்குழல்களில் ஏறிப் பயணம் செய்கிறது. வண்டு இளங்கிளையைக் கடித்த காயத்தின் வழியே மரத்தினுள் இறங்குகிறது. நீரோட்டம் தடைப்பட்டு மரம் வாடுகிறது. வாடிய மரத்தில் வண்டு முட்டையிட, அடுத்த ஆண்டு புது வண்டுகள் புழுக்களைச் சுமந்து புறப்படுகின்றன. புழுவுக்கு வாகனம்; வண்டுக்குத் தொட்டில்! 1979-இல் மட்டும் ஜப்பான் இழந்த மரம் சுமார் 24 லட்சம் கன மீட்டர்.

இப்புழுவின் தாயகம் வட அமெரிக்கா. அங்குள்ள பைன் மரங்கள் பெரும்பாலும் அதனைத் தாங்கிப் பழகியவை. கடல் கடந்து வந்த பின்னரே அது எமனாயிற்று. 1999-இல் போர்ச்சுகலிலும் கண்டறியப்பட்டது.

என் தந்தையார் துறைமுகத்தில் சுமை தூக்குபவர். இயந்திரங்கள் வந்த பைன் பெட்டியின் பலகைகளை விலைக்கு வாங்கி, நான் படிக்க ஒரு மேசை செய்து தந்தார். அதில் கோதுமைக் கதிர் முத்திரையும் எச்.டி. என்னும் எழுத்துகளும் இருந்தன.

"ஏய்யா, இது என்ன, கம்பெனி மார்க்கா?" என்று ஒருநாள் கேட்டார்.

பூச்சி, புழு பரவாதிருக்க 2002-இல் வகுத்த பன்னாட்டு விதிப்படி, பலகையின் உட்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றியதன் அடையாளம் என்றேன். முத்திரையைத் தடவிப் பார்த்தார். "இத்தனை வருசம் சுமந்திருக்கேன், ஒருத்தரும் சொல்லலியே" என்றார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "புழுவைப் படிச்சு என்ன வேலை கிடைக்கும்?" என்று உறவினர் கேட்பதுண்டு. வேலையைப் பற்றி உறுதி கூற என்னால் இயலாது. ஆனால், காரணம் அறியாமல் கழிந்த அந்த 66 ஆண்டுகளை அவர்களிடம் சொல்லலாம். காடுகளை அழித்தது புழு மட்டுமன்று. புழுதானே என்ற அலட்சியமும்தான். ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் முன் நம் முறை வரும்போது, "தேர்வுக்கு இது வருமா?" என்று மட்டும் கேளாதிருப்போம், நண்பர்களே!