மூணு டம்ளர் தண்ணி, ஒரு மயில்கழுத்துச் சேலை... இளம்பிள்ளையில் ஒரு ஞாயிறு!

சேலத்திலிருந்து இளம்பிள்ளைக்கு பஸ்ஸில் போனால், கஞ்சமலை கண்ணில் பட்டதுமே பையை எடுத்துக்கொள்ளலாம். இறங்கியதும் முதலில் தறிச் சத்தம். அடுத்து, கம்புகளில் வரிசையாகக் காயும் நூல்: ராமர் பச்சை, அரக்கு, மாம்பழ மஞ்சள். ஆன்லைனில் சேலை தேடுபவர்களுக்கு இந்த ஊர்ப் பெயர் நன்றாகவே தெரிந்திருக்கும்.

எனக்கு இது அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர். போன ஞாயிற்றுக்கிழமை போனபோது, யு.கே.ஜி படிக்கும் அவள் மகள் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். 'நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை' என்று மனப்பாடமாகச் சொல்கிறாள். ஆனால், க்ரேயானில் ஒன்றின் மேல் ஒன்று தீட்டினால் பச்சைக்குப் பதில் அழுக்காக ஏதோ வருகிறது.

"நான்தான் தப்பா பண்றேன் சித்தி."

தப்பு அவளுடையது இல்லை. க்ரேயான் என்பது மெழுகு. ஒன்றின் மேல் ஒன்று படியுமே தவிர, தண்ணீர் போலக் கலக்காது. தெருவே சாயத்தில் பிழைக்கும் ஊரில், ஒரு குழந்தை நிறக் கலவையை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பது எனக்கு என்னவோபோல் இருந்தது.

'பட்டறையில் கொஞ்சம் சாயம் வாங்கி வரட்டுமா?' என்று கேட்டேன். அக்காவின் மாமனார் ஒரேயடியாக மறுத்துவிட்டார். ஆயுசில் பாதியைச் சாயத்தொட்டி முன்னால் கழித்தவர் அவர். "துணிச் சாயம் குழந்தை கைக்கு ஆகாதும்மா. பொடி மூச்சுல போனா இருமலு விடாது." ஆகவே, கேக்குக்குப் போடும் கலர் மூன்று பாட்டில் வாங்கி வந்தேன். சிவப்பு, மஞ்சள், நீலம். மூன்று கண்ணாடி டம்ளர்களில் அரை டம்ளர் தண்ணீர். அவ்வளவுதான் நம் ஆய்வகம்.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்குத் தாத்தா சொன்ன ஒரு தொழில் ரகசியம்: வெளிர் நிறத்தில்தான் அடர் நிறத்தை ஊற்ற வேண்டும், அதுவும் சொட்டுச் சொட்டாக. மஞ்சள் தண்ணீரில் நீலம் ஒரு சொட்டு விழுந்ததும் கிளிப்பச்சை. இன்னும் இரண்டு சொட்டில் வாழையிலை. அழுகை நின்றது. "ஏன் தாத்தா பச்சையாகுது?" என்றாள். தாத்தா என்னைப் பார்த்தார். மஞ்சள் தண்ணீர் நீல வெளிச்சத்தைத் தின்றுவிடும், நீலத் தண்ணீர் சிவப்பு வெளிச்சத்தைத் தின்றுவிடும், இரண்டும் மிச்சம் வைத்தது பச்சை என்றேன். 'வெளிச்சத்தைத் தின்னும் தண்ணீர்' அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

பிறகு எல்லாக் குழந்தைகளும் செய்வதைச் செய்தாள். மூன்றையும் ஒரே டம்ளரில் கொட்டினாள். சேற்றுப் பழுப்பு! "ஐயையோ... சித்தி, நீலத்தை மட்டும் திரும்ப எடுத்துடலாமா?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. தாத்தா உள்ளே போய் ஒரு மயில்கழுத்துச் சேலையைக் கொண்டுவந்தார். இப்படி மடித்தால் நீலம், அப்படித் திருப்பினால் பச்சை. முந்தானை ஓரத்தில் பிரிந்து நின்ற நூலைக் காட்டினார். பாவு நீலம், ஊடை பச்சை. அவளே ஒவ்வொரு இழையாக உருவிப் பார்த்தாள். இங்கே நூலில் எதுவும் கலக்கவில்லை. கலப்பது நம் கண்ணில். அதனால்தான் திரும்ப எடுக்க முடிகிறது.

இந்தக் கண் விளையாட்டில் பெரிய ஆட்களே ஏமாந்திருக்கிறார்கள். பாரிஸின் கோப்லான் அரசு நெசவாலையில் 1824-ல் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றவர் வேதியியலாளர் ஷெவ்ரல். கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்று புகார் வந்தது. சோதித்தால் சாயத்தில் பழுதே இல்லை. பக்கத்தில் நெய்த நிறங்கள்தான் கறுப்பை மங்கலாக்கிக் காட்டியிருக்கின்றன. அதை வைத்தே 1839-ல் ஒரு தடிமனான புத்தகம் எழுதிவிட்டார்.

அக்காவும் சும்மா இருக்கவில்லை. மஞ்சள்தூள் கரைத்த தண்ணீரில் வெள்ளைச் சுண்ணாம்பைத் துளி போட்டாள் (சுண்ணாம்பைப் பெரியவர்களே கையாளுங்கள்). மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்தால் வெளிர்மஞ்சள்தானே? வந்ததோ ஆரத்திச் சிவப்பு! எலுமிச்சை பிழிந்ததும் திரும்ப மஞ்சள். இது கலவை இல்லை, மஞ்சளே மாறும் வேதிவினை. "அப்ப அந்த டம்ளருக்கும் எலுமிச்சம்பழம் பிழி" என்றாள் பாப்பா. பிழிந்தோம். பழுப்பு பழுப்பாகவே இருந்தது.

கடைசியில் சாக்பீஸ் கைகொடுத்தது. வெள்ளை சாக்பீஸின் அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் வளையம் போட்டு, தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அதில் நிறுத்தினோம். வளையம் தண்ணீரில் மூழ்கக் கூடாது. தண்ணீர் ஏற ஏற, கறுப்புக்குள் ஒளிந்திருந்த நீலமும் இளஞ்சிவப்பும் தனித்தனியாக மேலே வந்தன. தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "இத்தன வருஷம் கலக்கத்தான் கத்துக்கிட்டேன்" என்றார்.

ஒரு சாக்பீஸில் பிரிப்பது சுலபம். மாலை சேலத்துக்குத் திரும்பும்போது எனக்குத் திருமணிமுத்தாறு நினைவுக்கு வந்தது. சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் நகருக்குள் நுழைந்து, நாமக்கல் மாவட்டம் வழியாகப் போய்க் காவிரியில் கலக்கும் ஆறு. சாயக்கழிவு நுரையோடு அது செய்திகளில் வருவதை நானே எத்தனையோ முறை டைப் செய்திருக்கிறேன். சாயத்தண்ணீரிலிருந்து நிறத்தைப் பிரிக்க வழி இருக்கிறது. ரசாயனம் போட்டுக் கசடாகப் படியவைத்து, சவ்வு வழியாக வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி வற்றவைக்க வேண்டும். திருப்பூரில் 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு அந்த வழிக்குத்தான் போனார்கள். ஆனால், செலவு பெரிது. நாலு தொட்டி வைத்துப் பிழைக்கும் சிறிய பட்டறைக்காரர் அதைத் தனியாகத் தாங்க முடியாது. ஆற்றுத் தண்ணீரை நம்பும் கீழ்க்கரை விவசாயி அதுவரை காத்திருக்கவும் முடியாது.

கிளம்பும் முன் அக்கா டம்ளர்களைக் கழுவப் போனாள். பழுப்பு டம்ளரை மட்டும் பாப்பா தரவில்லை. ஜன்னல் திண்டில் வெயிலில் வைத்துவிட்டாள். நேற்று அக்கா வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பியிருந்தாள். டம்ளரில் தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கியிருக்கிறது. வெளியே ஸ்கெட்ச் பேனாவால் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு. தண்ணீர் முழுசாகப் போன பிறகு அடியில் என்ன கலர் இருக்கும் என்று தாத்தாவும் பேத்தியும் பந்தயம் கட்டியிருக்கிறார்களாம்.