கேட்பதும் கேட்கப்படுவதும்

கைபேசித் திரையின் மேல்மூலையில் விசிறிபோல் விரிந்திருக்கும் சிறு குறியை நம் வீடுகள் இணையத்தின் அளவுகோலாகவே நம்பிவிட்டன. கோடுகள் நிறைந்திருந்தால் இணையம் நலம். அதன்பின்னும் ஏதேனும் திறக்க மறுத்தால் பழுது கைபேசியில், அல்லது அதைப் பிடித்திருக்கும் கையில். அந்தக் கை முதியவருடையது என்றால் தீர்ப்பு இன்னும் விரைவாக வந்துவிடும்.

உண்மையில் அக்குறி சொல்லும் செய்தி மிகச் சிறியது. ரூட்டரின் அலை கைபேசியை எவ்வளவு வலுவாக வந்தடைகிறது என்பது மட்டுமே அது. தெருவில் கண்ணாடி இழை அறுந்து கிடந்தாலும் கோடுகள் நிறைந்தே நிற்கும். கைபேசி திருப்பி அனுப்புவது ரூட்டரை எட்டுகிறதா என்பதும் அதில் தெரியாது.

தில்லி மயூர் விஹாரில், பழைய டிடிஏ அடுக்கு வீடொன்றில் வாழும் தமிழ்க் குடும்பத்தில் கடந்த நவம்பரில் இது வெறும் தொழில்நுட்பச் செய்தியாக இருக்கவில்லை. அவ்வீட்டின் பெரியவர் மத்திய அரசுத் துறையொன்றில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். எழுபதுகளின் நடுவில் இருக்கிறார். மகள் குடும்பத்தோடு வசிக்கிறார். மத்திய அரசு ஓய்வூதியர்கள் தாம் உயிரோடிருப்பதை ஆண்டுதோறும் மெய்ப்பிக்க வேண்டிய மாதம் நவம்பர். தவறினால் ஓய்வூதியம் நின்றுவிடும். 2014இல் ஜீவன் பிரமாண் வந்தபின் இதைக் கைரேகை வைத்து மின்வழியில் செய்ய முடிந்தது. 2021 முதல் கைபேசிக் கேமராவின் முன் கண் சிமிட்டினாலே போதும் என்றாயிற்று. புகைமூட்டம் சூழ்ந்த தில்லிக் குளிரில் வங்கி வரிசைக்குப் போக வேண்டாம் என்பது பெரும் வசதிதான். ஆனால் ஆதார் எண், ஓடிபி, பிறகு முகம் என எல்லாப் படிகளும் இணைப்பு அறாமல் நடந்தாக வேண்டும். பெரியவரின் அறையில் நான்கு நாள்களாக அது நடக்கவில்லை. யூடியூபில் கச்சேரி ஓடும். முகத்தை அனுப்பும் கணத்தில் சக்கரம் சுழன்று நின்றுவிடும்.

“தாத்தா, நெட் நல்லாத்தான் இருக்கு. உங்க போன்தான் பழசு” என்றான் கல்லூரியில் படிக்கும் பேரன். சேவை நிறுவனத்தின் அழைப்பு மையம் ரூட்டரை அணைத்து மீண்டும் இயக்கச் சொன்னது. நேரில் வந்த ஊழியர் ரூட்டரின் அருகிலேயே நின்று தம் கைபேசியில் வேகத்தை அளந்து காட்டி, “சப் டீக் ஹை” என்று சொல்லிப் புறப்பட்டார். அவர் சொன்னது பொய்யன்று. அவர் அளந்தது வாசற்பக்கத்தை; பெரியவர் இருந்ததோ கடைசி அறையில்.

இத்தகைய பழுதை இடம் பிரித்துப் பார்க்க எளிய வழியொன்று உண்டு. அதை ஏனோ எந்த அழைப்பு மையமும் முதலில் சொல்வதில்லை. இணைப்பு நின்றிருக்கும் நேரத்திலேயே கைபேசியின் உலாவியில் ரூட்டரின் முகவரியைத் தட்ட வேண்டும். பல வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1, பெரும்பாலும் ரூட்டரின் அடியில் அச்சிட்டிருக்கும். ரூட்டரின் பக்கம் உடனே திறந்தால் வீட்டுக்குள் வழி சரியாக இருக்கிறது, தடை அதற்கு வெளியே. அப்போது எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவந்து மின்னினால் இழையிலேயே பழுது. நிறுவனத்தை உறுதியோடு கேட்கலாம். பக்கம் திறக்காவிட்டால் நிறுவனத்தோடு சண்டையிடுவதில் பயனில்லை. மகள் தட்டிப் பார்த்தபோது பக்கம் திறக்கவில்லை. குறியில் மட்டும் இரண்டு கோடுகள் நின்றன.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார்: “அது பேசறது இதுக்குக் கேட்குது. இது பேசறது அதுக்குக் கேட்குதா?”

தலைமை நிலையத்தின் குரல் தெளிவாக வரும். கையில் உள்ள சிறு கருவியின் பதில் அங்கே எட்டாது. வயர்லெஸ் தொழிலில் பணியாற்றியவர்களுக்கு இது அன்றாட அனுபவம். ரூட்டர் சுவர் மின்சாரத்தில் இயங்குவது. கைபேசியோ பேட்டரியைக் காத்துக்கொண்டு, சின்னஞ்சிறு ஆன்டெனாவின் வழியே பெரும்பாலும் அதைவிடக் குறைந்த வலுவில்தான் அனுப்புகிறது. இடையிலுள்ள சுவர் இரு திசையிலும் ஒரே அளவே அலையைத் தின்னும். ஆனால் குறைந்த வலுவோடு புறப்பட்டதுதான் முதலில் அடங்கும். காணொளியாவது வரும்போதே சற்று முன்சேமித்துக்கொண்டு இடைவெளிகளை மறைத்துவிடுகிறது. முகத்தை அனுப்பும்போது அந்தச் சலுகை இல்லை.

ரூட்டர் இருந்தது வாசலில், செருப்பு அலமாரியின் மேல். இழை எங்கே வீட்டுக்குள் நுழைந்ததோ அங்கேயே அதை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதற்கும் பெரியவரின் கட்டிலுக்கும் இடையே இரண்டு செங்கல் சுவர்கள், ஒரு குளிர்சாதனப் பெட்டி, ஓர் இரும்பு பீரோ. போதாக்குறைக்கு அக்கம்பக்கத்து ரூட்டர்களின் இரைச்சல். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இந்தியாவில் 2005இல் உரிமம் தேவையற்றதாக்கப்பட்டது. வீட்டு வைஃபை பரவியதற்கு அது முக்கியக் காரணம். ஆனால் அதிலுள்ள 13 சேனல்களில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இயங்கக்கூடியவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். அடுக்குமாடி முழுவதும் அந்த மூன்றுக்குள் நெருக்கியடிக்கிறது. புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேயே. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், ஆனால் சுவர்களைக் கடப்பதில் அது இன்னும் பலவீனம். இரண்டையும் ஒரே பெயரில் ரூட்டர் காட்டும்போது எதைப் பற்றுவது, எப்போது விடுவது என்பதைப் பெரும்பாலும் கைபேசியே முடிவு செய்கிறது. கூடத்தில் 5ஐப் பற்றிக்கொண்டு, உள்ளறைக்குப் போன பின்னும் விடாமல் இழுபடுவது அதன் வழக்கம்.

பெரியவரின் கைபேசியில் இன்னொரு கண்ணியும் இருந்தது. வைஃபை தளர்ந்தால் தானாக மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும் ஏற்பாடு அதில் இயக்கத்தில் இருந்தது. அவர் சிம்மிலோ பேசுவதற்கு மட்டுமே ரீசார்ஜ். வைஃபையைக் கைவிட்ட ஒவ்வொரு முறையும் கைபேசி ஒன்றுமில்லாத இடத்தில் போய் நின்றது. எல்லாருக்கும் அளவற்ற டேட்டா உண்டு என்ற அனுமானத்தில் செய்யப்பட்ட உதவி இது.

அந்த ஏற்பாட்டைப் பேரன் அணைத்தான். இரு அலைவரிசைகளுக்கும் தனித்தனிப் பெயரிட்டு, தாத்தாவின் கைபேசியை 2.4இல் மட்டும் சேர்த்தான். சேனலைத் தானியங்கியிலிருந்து எடுத்து, அங்கே நெரிசல் குறைந்திருந்த 11இல் நிறுத்தினான். ஊழியரை மீண்டும் அழைத்து, இழையை நீட்டி ரூட்டரை நடைவழிப் பரணுக்கு மாற்றினார்கள். கைபேசி அதே பழைய கைபேசிதான். மறுநாள் காலை தம் அறையிலேயே அமர்ந்து பெரியவர் கண் சிமிட்டினார். பிரமாண் எண் குறுஞ்செய்தியாக வந்தது.

மின்வெட்டின்போது இன்வெர்ட்டர் மாறும் நொடியில் ரூட்டர் அணைந்து எழும் தொல்லை மட்டும் மிச்சமிருக்கிறது. அதற்கு மினி யூபிஎஸ் ஒன்று வாங்கச் சொல்லிப் பேரனிடம் பணம் கொடுத்திருக்கிறார்.