விசிறி சுற்றாமல் வந்த வெந்நீர்

“வெந்நீர் வந்ததா, வரவில்லையா?” எதிர்தரப்பு வழக்கறிஞரின் வாதம் முழுக்க இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நின்றது. வந்தது என்று மனுதாரரே ஒப்புக்கொள்கிறார். அப்புறம் சேவையில் என்ன குறைபாடு? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. வெந்நீர் வந்துகொண்டே இருந்ததுதான் குறையை மறைத்தது என்பதை நாங்கள் நிரூபிக்க வேண்டியிருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அமர்கிற விருதுநகர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 2023-ல் நான் நடத்திய வழக்கு அது. மனுதாரர் சேத்தூர்க்காரர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். அவர் மனைவிக்கு மூட்டுவாதம். விடியற்காலையில் கைகளை வெந்நீரில் வைத்தால்தான் விரல் மடங்கும். மாடியில் பாதி நாள் தென்னை நிழல் விழுவதால் சோலார் ஒத்துவராது என்று, 200 லிட்டர் தொட்டியோடு ஹீட் பம்ப் வாங்கிப் பொருத்தியிருந்தார்கள்.

ஹீட் பம்ப் என்பது ஃப்ரிட்ஜைத் திருப்பிப் போட்ட மாதிரி. விசிறி இழுத்துத் தரும் வெளிக்காற்றில் இருக்கிற சூட்டைக் கேஸ் வழியாக உறிஞ்சி, கம்ப்ரசரில் அழுத்தி, தொட்டித் தண்ணீருக்குக் கொடுக்கிறது. சூட்டை உண்டாக்காமல் இடம் மாற்றுவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவுக்குச் சூடு கிடைக்கும். அதே தொட்டிக்குள் சாதாரண ஹீட்டர் காயில் ஒன்றும் உண்டு. கம்ப்ரசர் பழுதானாலோ, அவசரத்துக்குக் கூடுதல் சூடு தேவைப்பட்டாலோ அது கைகொடுக்கும். அதில் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் சூடுதான்.

வாங்கிய சில மாதங்களில் தண்ணீர் சூடாகாமல் போனது. கம்பெனிக்குச் சொன்னதும் மெக்கானிக் வந்தார், ஏதோ பட்டனை அழுத்தினார், ஜாப் கார்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அன்று மாலையே வெந்நீர் வந்துவிட்டது. அடுத்த கரண்ட் பில் எகிறியது. 2022 செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்திருந்ததால் அதுதான் காரணம் என்று பேசாமல் கட்டிவிட்டார்கள். அதற்கடுத்த பில்லும் அப்படியே வரவே, மனுதாரர் ஈ.பி. ஆபீஸில் மனுக் கொடுத்து மீட்டரைச் சோதிக்கச் சொன்னார். மீட்டரில் பழுதில்லை.

முடிச்சை அவிழ்த்தது டொரன்டோவில் இருக்கும் அவருடைய மகள். அவர்கள் வீட்டையே சூடாக்குவது ஹீட் பம்ப். அங்கே குளிர் மைனஸ் 20 வரைகூட இறங்கும். வெளிக்காற்று குளிரக் குளிர வீட்டுக்கு வேண்டிய சூடு ஏறும். பம்ப் தரக்கூடிய சூடோ குறையும். ஒரு கட்டத்தில் பம்பால் மட்டும் சமாளிக்க முடியாது. அப்போது துணைச் சூடு தானாகச் சேர்ந்துகொள்ளும். சில வீடுகளில் அது மின்காயில், பல வீடுகளில் எரிவாயு ஃபர்னஸ். வெளி யூனிட்டில் படியும் உறைபனியை உருக்குவதற்காக பம்ப் சற்று நேரம் திரும்பி ஓடும்போதும் துணைச் சூடுதான் வீட்டைக் காக்கும். சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டை ஒரேயடியாக நாலைந்து டிகிரி கூட்டினாலும் அது ஓடத் தொடங்கிவிடும். ‘எமர்ஜென்சி ஹீட்’ என்பது வேறு. அதில் கம்ப்ரசரை அடியோடு நிறுத்திவிட்டு மாற்றுச் சூட்டிலேயே வீடு ஓடும். பழுது பார்க்க ஆள் வரும்வரைக்கான ஏற்பாடு அது. அங்கே குடியிருக்கிறவர்கள் பில்லைப் பார்த்துப் பார்த்தே இந்த வித்தியாசத்தைக் கற்றுக்கொள்கிறார்கள்.

அந்தப் பெண் வீடியோ காலில் கேட்டதாம்: “அப்பா, மாடியில இருக்கிற ஃபேன் சுத்துதா?”

அவர் டார்ச்சோடு மாடிக்குப் போனார். விசிறி இறக்கைகளுக்கு நடுவே சிலந்தி வலை அறுபடாமல் இருந்தது. ஓடுகிற விசிறியில் வலை நிற்காது. அதை அவர் படமெடுத்து வைத்திருந்தார். பிற்பாடு அதுவே எங்கள் சான்றாவணங்களில் ஒன்றானது.

ஜாப் கார்டின் கார்பன் நகலை என் மேஜையில் விரித்தபோதுதான் எனக்கு வழக்கின் உருவம் தெரிந்தது. மங்கலான ஆங்கில எழுத்தில் ‘கேஸ் லோ’, அதன் கீழே ‘இ.எம். மோட் ஓகே’. கேஸ் கசிந்துவிட்டது என்று மெக்கானிக்குக்குத் தெரிந்திருக்கிறது. நிரப்பாமல் எமர்ஜென்சி மோடுக்கு மாற்றி, சரியாகிவிட்டது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார். வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“இத முதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் தம்பி ஈ.பி. ஆபீஸுக்கு அலையுறேன்?” என்றார் மனுதாரர். அந்தக் கேள்விதான் வழக்கே. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் பிரிவு 2(11), தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்றே சொல்கிறது. எந்திரமே மட்டம் என்று வாதாடினால் வழக்கு ஆய்வகம், அறிக்கை என்று நீண்டுகொண்டே போகும். நான் அந்தப் பக்கம் போகவில்லை. மறைத்தார்கள் என்பதில் மட்டும் நின்றேன்.

முதல் தடை ஆள்வரை எல்லை. வழக்கு எதுவானாலும் கம்பெனி இருக்கும் ஊர் நீதிமன்றத்தில்தான் என்று பில்லின் அடியில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். பழைய 1986 சட்டமாக இருந்திருந்தால் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். புதிய சட்டத்தின் பிரிவு 34, புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்க வழிவிட்டிருக்கிறது. அடுத்து, கையேட்டில் மோடு பற்றி எல்லாம் இருக்கிறது, மனுதாரரே அழுத்தியிருப்பார் என்றது எதிர்தரப்பு. அதற்கு ஜாப் கார்டே பதில்.

நிபுணர் ஆய்வு வேண்டும் என்று மனுப் போட்டோம். ஆணையம் நியமித்த பொறியியல் கல்லூரி விரிவுரையாளர் ஒருநாள் காலையில் சேத்தூருக்கு வந்தார். இரு தரப்பும் மாடியில் நிற்க, ஒயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டினார். ஒன்பது ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. 2000 வாட் காயில் இழுக்கிற கரண்ட் அது; கம்ப்ரசர் ஓடினால் அதில் பாதிகூட வராது. அவர் அறிக்கையில் எழுதிய கணக்கு எளிமையானது. 200 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி உயர்த்த ஏறக்குறைய 7 யூனிட் சூடு வேண்டும். காயிலில் என்றால் 60 நாளைக்கு 420 யூனிட். பம்ப் ஒழுங்காக ஓடியிருந்தால் சுமார் 140 போதும். நம் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். அந்த வீடு தாண்டியது இந்தக் காயிலால்தான்.

மார்கழிக் குளிரால் காயில் தானாக ஓடியிருக்கலாம் என்று கடைசியாக ஒரு வாதம் வைத்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம்தான், ஆனாலும் சேத்தூரில் மார்கழி விடியலே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஹீட் பம்புக்கு அது கொளுத்தும் வெயில் காலம். டொரன்டோவுக்கு வேண்டிய சமாதானத்தைச் சேத்தூரில் சொல்லக்கூடாது என்று ஆணையத்தின் முன் சொன்னேன்.

உத்தரவு எங்கள் பக்கம் வந்தது. கசிவை அடைத்துக் கேஸ் நிரப்பித் தர வேண்டும், கூடுதலாகக் கட்டிய மின்கட்டணத்தைத் திருப்ப வேண்டும், மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தனியே தொகை. நாங்கள் கேட்டதைவிடக் குறைவுதான் என்றாலும் கம்பெனி மேல்முறையீடு போகாமல் கட்டியது.

ஒரு கோரிக்கை மட்டும் தள்ளுபடியானது. காயில் தனியாக ஓடும்போது தொட்டிப் பலகையில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும், எந்த மோடில் விட்டுப் போகிறார்கள் என்று ஜாப் கார்டில் தமிழில் எழுதித்தர வேண்டும் என்று கேட்டிருந்தோம். தனிநபர் புகாரில் அதை உத்தரவிட இயலாது என்றது ஆணையம். ராஜபாளையத்திலும் சுற்றுவட்டாரத்திலும் இந்த எந்திரங்கள் இப்போது வேறு வீடுகளிலும் ஏறுகின்றன. இன்னொரு புகார் வந்தால், அந்த விளக்கை மறுபடியும் கேட்பேன்.