'கிவ் அப்' என்றால்?

ஆங்கிலத்தின் நீண்ட சொற்களைக் கண்டு நான் மிரண்டதில்லை. அவற்றுக்கு அகராதி இருக்கிறது. மிரட்டுபவை சின்னஞ்சிறு சொற்கள்தாம். 'கிவ்' என்றால் கொடு, 'அப்' என்றால் மேலே. இரண்டும் சேர்ந்துவிட்டால் கொடுப்பதும் இல்லை, மேலே போவதும் இல்லை! சிகரெட்டை 'கிவ் அப்' செய்தால் பழக்கத்தை விட்டொழித்தல். ரயிலில் இருக்கையை 'கிவ் அப்' செய்தால் பிறருக்கு விட்டுக்கொடுத்தல். வெறுமனே 'ஐ கிவ் அப்' என்றால் தோல்வியை ஒப்புக்கொள்ளுதல். வினையோடு ஒட்டிவரும் இத்தகைய சிறு சொற்கள் அயல்மொழியாருக்குப் பெரும் இடர் தருபவை என்று, 1755இல் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சனே எழுதியிருக்கிறார். படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல்.

நம் மொழி மட்டும் என்னவாம்? 'சொல்லிக்கொடு' என்பதில் யாரும் யார் கையிலும் எதையும் கொடுப்பதில்லை. 'விட்டுக்கொடு' என்பதைத் தமிழறியாத நண்பருக்கு ஒருமுறை விளக்கிப் பாருங்கள், தெரியும்.

விடுதியில் அன்றாடம் கேட்பது, "அதை கிவ் அப் பண்ணிட்டேன்டா" என்பது. ஆங்கிலத்தில் 'இட்' என்ற சுட்டு நடுவில் நுழைந்து 'கிவ் இட் அப்' என்றாகும். நம் வாயிலோ 'அதை' முன்னால் வந்து நிற்க, 'கிவ் அப்' பிரியாமல் இறுகிவிடுகிறது. தமிழ் இலக்கணம் தன் வேலையைக் காட்டுகிறது என்றே எனக்குப் படுகிறது.

தாத்தா பக்கவாதத்தால் மருத்துவமனையில் கிடந்தபோது, மருத்துவர் ஆங்கிலத்தில் சொன்னது இரண்டே வாக்கியங்கள். அவர் 'கிவ் அப்' செய்யக்கூடாது. நாங்களும் அவரை 'கிவ் அப் ஆன்' செய்யவில்லை. பாட்டி என் முகத்தையே பார்த்தார்.

"என்னய்யா சொல்றாரு டாக்டரு?"

முதலாவது நோயாளியின் மனத்தைப் பற்றியது. 'ஆன்' என்ற ஒட்டு சேர்ந்ததும், இரண்டாவது மருத்துவரின் நம்பிக்கையைப் பற்றியதாகிவிட்டது. ஒரே சொல்லைப் போட்டு இரண்டையும் சொன்னால் பாட்டி குழம்பிப் போவார்.

"தாத்தாவுக்கு மனசு விட்டுப்போகக் கூடாதாம் பாட்டி. அவங்களும் தாத்தாவைக் கைவிடலையாம்."

பாட்டி தலையாட்டினார். பக்கத்துக் கட்டிலருகே அமர்ந்திருந்த மலாய் மாது எங்களைப் பார்த்து, "ஜாங்ஙான் புத்துஸ் ஆசா" என்றார். 'புத்துஸ்' என்றால் அறுதல். 'ஆசா' நம் 'ஆசை'க்கு உறவு, இரண்டும் வடமொழி வழி வந்தவை. இதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. தோட்டத்தில் பழகிய மலாயில் "தெரிமா காசே" என்று சொல்லிவிட்டு, பாட்டி தாத்தாவின் காலைப் பிடித்துவிடத் தொடங்கினார்.